கம்ப்யூட்டருக்கும் உண்டு ஒரு கேஷ் கவுண்டர்

வங்கிக்காரன் கேஷ் பற்றி எழுதினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டீர்கள். ஆனால் இன்றைக்கு எழுதப்போவது பணத்தைப் பற்றி அல்ல. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கேஷ் பற்றி. ஆங்கிலத்தில் எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. 'மறைத்து வைப்பது' என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'பதுக்கல்' என்று எழுதினால் வருமானவரித் துறை ஞாபகம் வருகிறது, அதனால் கேஷ் என்றே வைத்துக்கொள்வோம் :-)

பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் ஜெயிப்பது நம்ம பாடப்புத்தகம்தான்.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்போம். 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் இயந்திரத்தில்தான் முதல் வன்தட்டு வந்தது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். கொள்ளளவு சுமார் 50 லட்சம் எழுத்துகள். ஒரு தகவலைத் தேடி எடுக்க சராசரியாக 0.6 நொடி. 1990களின் தொடக்கத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் வன்தட்டுக்கு இது ஏறத்தாழ 15 மில்லி நொடியாகக் குறைந்தது. ஆனால் அதே காலத்து ரேம் 70 நானோ நொடியில் பதில் சொன்னது. வித்தியாசம் இரண்டு லட்சம் மடங்கு!

கவுண்டர் டிராயரிலிருந்து நோட்டு எடுக்க ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். அந்தக் கணக்கில் ஸ்ட்ராங் ரூமுக்குப் போய் எடுத்துவர இரண்டு நாளுக்கு மேல் ஆகும்.

வங்கியில் இதற்கு என்ன செய்கிறோம்? காலையில் இரண்டு பேர் இரண்டு சாவி போட்டு ஸ்ட்ராங் ரூமைத் திறந்து, அன்றைக்குத் தேவையான பணத்தைக் கேஷியரிடம் கொடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு செக்குக்கும் உள்ளே ஓடுவதில்லை. டிஸ்க் கேஷ் மென்பொருள் செய்வதும் அதேதான். அடிக்கடி கேட்கப்படும் தகவலை ரேமில் ஒரு டிராயர் போட்டு வைத்துக்கொள்ளும்.

1970களிலேயே யூனிக்ஸ் இப்படித்தான் வேலை செய்தது. டாஸ் உலகத்தில் 1983-ல் வந்த 2.0 பதிப்பில் இது 'பஃபர்ஸ்' என்ற ஒரே வரியாக நுழைந்தது. கான்ஃபிக்.சிஸ் கோப்பில் பஃபர்ஸ்=20 என்று எழுதியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். பிறகு பிசி-குவிக், நார்ட்டன் என்று தனி மென்பொருள்கள் காசு கொடுத்து வாங்கும் சரக்காக வந்தன. மைக்ரோசாஃப்ட் ஸ்மார்ட்டிரைவை இலவச இணைப்பாகவே கொடுத்துவிட்டது.

படிப்பது வரைக்கும் சிக்கல் இல்லை. எழுதும்போதுதான் வம்பு.

பணம் கட்ட வருகிறவரிடம் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். பேரேட்டில் பதிந்த பிறகு சலானில் சீல் போடுவது ஒன்று. சீலை முதலில் குத்திக் கொடுத்து அனுப்பிவிட்டு, பேரேட்டில் சாவகாசமாகப் பதிவது மற்றொன்று. இரண்டாவதில் வரிசை வேகமாக நகரும், வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். ஆனால் பதிவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? அவர் கையில் சீல் இருக்கும், நம் பேரேட்டில் பணம் இருக்காது.

1993 மார்ச்சில் வந்த எம்எஸ்-டாஸ் 6.0 இந்த இரண்டாவது வழியைத்தான் கேட்காமலே இயக்கி வைத்தது. திரையில் 'முடிந்தது' என்று காட்டும். தகவல் இன்னும் ரேமில்தான் நிற்கும். அதை நம்பி சுவிட்சை அணைத்தவர்களின் கோப்புகள் சிதைந்தன. கூடவே வந்த டபுள்ஸ்பேஸ் என்ற சுருக்கும் மென்பொருள்மேல் பெரும்பழி விழுந்தது. அதில் நல்ல பங்கு ஸ்மார்ட்டிரைவுக்குச் சேரவேண்டியது. அதே வருடம் நவம்பரில் வந்த 6.2 பதிப்பில் எழுத்துக் கேஷை நிறுத்தி வைத்தார்கள். வேண்டுமென்று இயக்கினாலும், எல்லாம் தட்டில் ஏறிய பிறகே அடுத்த கட்டளைக்கு வழிவிட்டது.

நம் நாட்டுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். வங்கிகளில் இயந்திரம் நுழைய தொழிற்சங்கங்களுடன் முதல் ஒப்பந்தம் 1983-ல். ரங்கராஜன் குழு அறிக்கை 1984-ல். அதன் பிறகுதான் லெட்ஜர் போஸ்டிங் இயந்திரங்கள் கிளைகளுக்கு வந்தன. 1993-ல் இன்னொரு ஒப்பந்தம் கதவை அகலத் திறந்தது. நோவெல் நெட்வேரில் ஓடிய கிளைகளில், சாயங்காலம் சர்வரில் 'டவுன்' என்று கட்டளை கொடுக்காமல் யாரும் மின்சாரத்தைத் தொடக்கூடாது. தட்டில் ஏறாமல் ரேமில் நிற்கும் தகவலுக்கு அங்கே பெயரே 'அழுக்கு பஃபர்'.

மின்சாரம் சொல்லிக்கொண்டா போகிறது? பாலாநகர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 2012-ல் ஆந்திர அரசு தொழிற்சாலைகளுக்கு வாராவாரம் மின்விடுமுறை விட்டபோது இங்கே லேத்துப் பட்டறைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம். வேகத்துக்காக எழுத்தைத் தள்ளிப்போடும் மென்பொருள் மின்வெட்டு ஊரில் யுபிஎஸ் இல்லாமல் பிழைக்காது.

அப்படியானால் வேகமும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்றால் வழி என்ன? இங்கேதான் நம் பாடப்புத்தகம் வருகிறது. 1494-ல் வெனிஸில் லூகா பச்சோலி அச்சிட்ட நூலில் கணக்குமுறை சொல்லப்பட்டிருக்கிறது. முதலில் குறிப்பேடு, அப்புறம் ஜர்னல், அப்புறம்தான் லெட்ஜர். பி.காம். முதல் வருடத்தில் நாமும் இதைத்தான் படித்தோம். நடந்தது நடந்த வரிசையில் ஜர்னலில் இருந்துவிட்டால், லெட்ஜர் பாதியில் நின்றாலும் திரும்ப எழுதிவிடலாம்.

1970களில் ஜிம் கிரே போன்ற தரவுத்தள அறிஞர்கள் பிடித்ததும் இதே வழியை. பரிவர்த்தனையை முதலில் ஒரு பதிவேட்டில் வரிசையாக எழுதி, அது தட்டில் ஏறியதை உறுதி செய்துகொள். மற்றதெல்லாம் கேஷில் காத்திருக்கலாம். ஒரே இடத்தில் தொடர்ந்து எழுதுவதால் அதுவும் வேகமாகவே முடியும். 1993-ல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ் தன் கோப்பு அமைப்பை இப்படித்தான் காத்தது. 2001-ல் லினக்ஸுக்குள் ஈஎக்ஸ்டி3 வந்தது. இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஜர்னலிங்'!

இன்றைக்குத் தனியாகக் கேஷ் மென்பொருள் வாங்கவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. இயங்குதளமே சும்மா கிடக்கும் ரேமைக் கேஷாக்கிக்கொள்கிறது. எஸ்எஸ்டி வந்தபிறகு தட்டு சுழலும் காத்திருப்பும் போயிற்று. ஆனால் சீல் முந்தியா, பதிவு முந்தியா என்ற கேள்வி போகவில்லை. 2018-ல் விண்டோஸ் 10-ன் ஒரு பதிப்பு, யுஎஸ்பியில் செருகும் சாதனங்களுக்கு எழுத்துக் கேஷ் இல்லாத முறையை இயல்பாக்கியது. பழைய கம்ப்யூட்டரிலோ, அமைப்பை மாற்றி வைத்த கம்ப்யூட்டரிலோ அந்தப் பாதுகாப்பு இருக்காது.

ஊரில் எடுத்த கல்யாண வீடியோவும் தாத்தா பாட்டி படங்களும் வெளித்தட்டு ஒன்றில்தான் நம்மில் பலர் வீட்டில் இருக்கின்றன. 'பாதுகாப்பாக அகற்று' என்பதை அழுத்தி, அனுமதி வந்தபிறகு பிடுங்குங்கள். அந்தச் சில நொடிகளில்தான் அழுக்கு பஃபர் பேரேட்டில் ஏறுகிறது.