நம் கைகளால் எழுந்த வீடுகள்: ஒரு வரலாற்றுப் பார்வை

கோயில்களையும் கோட்டைகளையும் கட்டிய மன்னர்களின் பெயர்களைப் பாடநூல்கள் நமக்குக் கற்பித்தன. அவற்றுக்குக் கல் சுமந்தவர் யார், மண் குழைத்தவர் யார் என்பதை அவை கூறவில்லை. அது கிடக்க. ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதனினும் சிறியது. சேரியில் ஒரு குடும்பம் தனக்கென எழுப்பிக்கொண்ட குடிசை எவ்வாறு கட்டப்பட்டது, எவ்வாறு ஆண்டுதோறும் செப்பனிடப்பட்டது, அது நின்ற தரை யாருக்குச் சொந்தமாயிருந்தது என்பவற்றைக் காண்போம். இந்த வெள்ளிவிழா மலரைக் கையிலேந்தும் இளைஞர்களுள் பலர் காங்கிரீட் கூரையின்கீழ்ப் பிறந்தவர்கள். அவர்தம் பாட்டனும் பாட்டியும் அறிந்திருந்த தொழில்நுட்பம் இன்னதென அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

தொழில்நுட்பம் என்னும் சொல்லை நாம் தெரிந்தே ஆள்கிறோம். குடிசையை எளிய பொருள் என்று எண்ணுவோர் ஒன்றைக் கட்டிப் பார்த்திலர். கடைக்கால் பறிக்கும் ஆழம் மண்ணின் தன்மையைப் பொறுத்தது. சுவருக்கான மண்ணை வெட்டி, நீர் விட்டு, பதரும் வைக்கோலும் சேர்த்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவர். மண் நன்கு புளித்த பின்னரே சுவர் வைப்பர். ஒரு முழ உயரம் எழுப்பியபின் அது காயும்வரை காத்திருந்து அடுத்த படையை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் சுவர் தன் பாரத்தாலேயே சரியும். மேலே மூங்கிலோ சவுக்கோ பனஞ்சட்டமோ கொண்டு முகட்டு வளையும் கைகளும் அமைத்து, குறுக்கே வரிச்சுகளைக் கட்டிக் கீற்று வேய்வர். கூரை தாழ்ந்து சரிந்திருப்பதைக் கண்டு, குனிந்து நுழையும் வீடு என இகழ்ந்தவர் உண்டு. அந்தச் சரிவின்றேல் மழைநீர் கீற்றின்மேல் தங்கி, அதை ஒரே பருவத்தில் மக்கச் செய்துவிடும். தாழ்ந்த இறவாரமின்றேல் சாரல் மண்சுவரைக் கரைத்துவிடும். இகழ்ந்தவர் இதனை அறியார்.

தென்னங்கீற்று ஓரிரு ஆண்டுகளே தாங்கும்; பனையோலை அதனினும் சற்று நீடிக்கும். ஆகவே சித்திரை தொடங்கி ஆடிக்குள், ஐப்பசி அடைமழைக்கு முன்பாக, கூரையைப் பிரித்து வேய்வது ஆண்டுக்கடனாயிற்று. ஒருவர் வீட்டுக் கூரைக்கு அண்டை வீட்டார் அனைவரும் வருவர். கூலி என்ற பேச்சில்லை. கூழோ கஞ்சியோ உண்டு. அடுத்த கிழமை இவர் அவர் வீட்டுக்குச் செல்வார். மேலே ஏறி வேய்பவர் ஆடவர் எனின், கீழேயிருந்து கீற்று முடைந்தவர் பெரும்பாலும் பெண்டிர். சுவரில் விரிசல் கண்ட இடத்தை மண் வைத்து அடைத்ததும், தரையைச் சாணத்தால் மெழுகியதும், பொங்கலுக்கு முன் கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து வெள்ளையடித்ததும், அடியில் செம்மண் பட்டை தீட்டியதும் அவர்களே. வீட்டைக் காப்பது பெண்ணின் கடமை என்று ஏட்டில் எழுதியவர்கள், பகல் முழுதும் பிறர் வயலில் நாற்று நட்டுவிட்டு இரவில் தன் சுவருக்கு மண் பூசியவளை எண்ணி எழுதினார்களா என்பது ஐயமே.

நிற்க. கட்டியவரும் காத்தவரும் நாமே. ஆயின் தரை யாருடையது?

இவ்வினாவை அரசாங்க ஏட்டில் உரக்க எழுப்பியவர்களுள் ஒருவர், செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்ஹீர். 1891ஆம் ஆண்டு அவர் எழுதிய அறிக்கை, அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை விரிவாக எடுத்துரைத்தது. சேரி நின்ற நத்தத்தின்மீதும் மிராசுதார்கள் உரிமை கொண்டாடினர். கூலி உயர்த்திக் கேட்டவன், வேறிடம் வேலைக்குச் சென்றவன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் துணிந்தவன் ஆகியோரை மிரட்டுவதற்குச் சாட்டை தேவைப்படவில்லை. குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்ற ஒரு சொல் போதும். அதனை உணர்ந்தே, வீட்டுமனை உரிமை வழங்கப்படவேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். 1892இல் அரசு பிறப்பித்த ஆணையின் வழியாகத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒப்படைக்கப்பட்ட நிலங்களே இன்று பஞ்சமி நிலம் என வழங்குகின்றன. அவற்றைப் பிற வகுப்பாருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை விதிக்கப்பட்டும், எத்தனையோ ஊர்களில் அவை கைமாறிப்போன கதை தனியே எழுதத்தக்கது. வீட்டுமனைச் சிக்கலோ அந்த ஆணையால் தீரவில்லை.

இங்கே ஒரு பழிச்சொல்லுக்கு விடை கூறியாக வேண்டும். அவர்கள் வீட்டைச் செம்மையாக வைத்துக்கொள்ளமாட்டார்கள்; ஓலையை விட்டு ஓட்டுக்கு மாறமாட்டார்கள்; அது அவர்கள் இயல்பு என்று மேற்குலத்தார் பலர் நெடுங்காலம் கூறிவந்தனர். ஆண்டுதோறும் தவறாது கூரை வேய்ந்தவனுக்கு உழைப்பைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நாளை காலி செய் எனப்படும் நிலத்தில் எவன் செங்கல் அடுக்குவான்? கீற்றையும் கழியையும் தலையில் சுமந்து வேறிடம் செல்லலாம். செங்கற் சுவரைச் சுமக்கவியலாது. பிரித்தெடுத்துச் செல்லக்கூடிய வீட்டையே அவன் கட்டினான் என்றால், அது அறியாமையன்று, கணக்கு. நிலையான கட்டடம் எழுந்தால் நிலத்தின்மேல் உரிமை எழும் என்பதை மிராசுதார்களும் அறிந்திருந்தனர். சேரியில் ஓட்டு வீடோ பள்ளிக் கட்டடமோ எழுவதை அவர்கள் எதிர்த்ததன் பொருள் அதுவே.

தடை வீட்டின் புறத்தோடு நிற்கவுமில்லை. 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது விதித்த கட்டுப்பாடுகளை, 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் தலைமை அலுவலரான ஹட்டன் தம் நூலில் பதிவு செய்துள்ளார். அவற்றுள் ஒன்று, வீட்டில் மட்பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்கலாகாது என்பது. ஒருவன் தன் அடுக்களையில் எதில் சோறாக்க வேண்டும் என்பதும் பிறரால் தீர்மானிக்கப்பட்ட காலம் அது.

வீடின்மையின் கொடுமையைப் பட்டமும் பதவியும் தீர்ப்பதில்லை என்பதற்கு டாக்டர் அம்பேத்கரின் வாழ்வே சான்று. 1917இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்றபோது அவருக்குத் தங்க இடம் தர எவரும் முன்வரவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். உண்மை தெரிந்தபோது தடியுடன் வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். அவரே 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்னும் இல்லத்தைத் தம் நூல்களுக்கு இடம் இருக்குமாறு கட்டுவித்துக் குடியேறினார். நூல்களுக்காக வீடு கட்டியவர் நம் தலைவர் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

கடல் கடந்தும் இதற்கு இணையான வரலாறு உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அடிமைத்தளையிற் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் டஸ்கிகி என்னும் ஊரில் கருப்பின மாணவர்க்குப் பள்ளி தொடங்கினார். கட்டடம் கட்டச் செங்கல் வாங்கப் பணமில்லை. மாணவர்களே செங்கல் அறுத்தனர். முதல் சூளை தோற்றது. இரண்டாவதும் மூன்றாவதும் தோற்றன. கையில் காசின்றித் தம் கைக்கடிகாரத்தை, அந்நாளில் சட்டைப்பையில் வைக்கும் கடிகாரம் அது, 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் சூளையை மூட்டினார். செங்கல் வெந்தது; கடிகாரம் திரும்பவில்லை. அதே பள்ளியில் பணியாற்றிய அறிவியலறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், அவ்வட்டாரத்து வண்ணக் களிமண்ணைக் கொண்டு ஏழை உழவர்கள் தம் வீட்டுச் சுவருக்குத் தாமே வண்ணம் பூசிக்கொள்ளும் முறையை விளக்கி 1911இல் சிறு வெளியீடு ஒன்று எழுதினார். நம் பாட்டியர் செம்மண் பட்டை தீட்டியதை எவரேனும் அவ்வாறு எழுதி வைத்திருந்தால் அதுவும் அறிவியல் எனப்பட்டிருக்கும்.

மீண்டும் நம் மண்ணுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் 1920 முதல் லேபர் கமிஷனர் பொறுப்பில், ஆதிதிராவிடர்க்கு வீட்டுமனை பெற்றுத் தருதல், கிணறு வெட்டுதல், பள்ளி திறத்தல் ஆகிய பணிகள் நடைபெற்றன. நம் முதியோர் லேபர் ஸ்கூல் என்று குறிப்பிடும் பள்ளிகள் அத்துறையினுடையவை. விடுதலைக்குப் பின் 1949இல் அப்பணிக்கெனத் தனித்துறை அமைந்தது. எனினும் பண்ணை நிலத்தில் குடியிருந்தோரைச் சட்டம் காக்க மேலும் பல்லாண்டுகள் ஆயின. குடியிருப்பிலிருந்து வெளியேற்றாமல் காக்கும் சட்டம் 1961இல் வந்தது; குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல் வந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும், ராமையாவின் குடிசையில் உயிரோடு எரிக்கப்பட்டனர். கீற்றுக் கூரை நம்மை வெயிலிலிருந்து காத்தது. பகைவன் தீயிலிருந்து காக்கவில்லை.

தீப்பிடியா வீடு என்ற சொல் அரசுத் திட்டங்களில் இடம்பெற்றதன் பின்னணியில் இத்தகைய தீயின் நினைவு உண்டு. 1974இல் தாட்கோ நிறுவனம் தோன்றியபோது அதன் முதற்பணி ஆதிதிராவிடர்க்கு வீடு கட்டுவதே. 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் மற்றொரு கோட்பாட்டைக் கொணர்ந்தது: வீட்டைப் பயனாளியே கட்டவேண்டும், ஒப்பந்தக்காரர் இடையில் வரலாகாது என்பதாம். ஏட்டில் இருந்தவாறே எங்கும் நடந்தது எனச் சொல்ல இயலாது. ஆயினும் அக்கோட்பாடு சரியானதே. நகரத்து மாடிகளுக்குச் சித்தாளாகவும் கொத்தனாராகவும் உழைத்த கைகளுக்குத் தன் வீட்டைக் கட்டத் தெரியாதா?

இன்று நாம் எதிர்கொள்ளும் சிக்கல் வேறு. அக்காலத்தில் கட்டப்பட்ட தொகுப்பு வீடுகளில் பலவற்றின் கூரை உதிர்கிறது. இதன் காரணத்தை இளைஞர்கள் அறிய வேண்டும். கம்பிக்குக் கீழே காங்கிரீட் போதிய கனம் இல்லாதபோதும், உப்பு கலந்த மணலோ நீரோ சேர்ந்தபோதும், போட்ட பின் நீராற்றாமல் விட்டபோதும், ஈரம் கம்பியை எட்டுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் காங்கிரீட் வெடித்து விழுகிறது. கீழே விழுந்த இடத்தில் மட்டும் பூசி மறைப்பது பயனற்றது. கசிவு மேலேயிருந்து வருகிறது. முதலில் தளத்தின் மேற்பரப்பைச் சீராக்கி, நீர் தேங்காமல் வாட்டம் கொடுக்க வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதிக்கும் பழைய முறையை நம் கொத்தனார்கள் நன்கறிவர். பின்னர் உட்புறத்தில் தளர்ந்ததனைத்தையும் கொத்தியெடுத்து, கம்பியிலுள்ள துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து நீக்கி, சிமெண்டுப் பால் தடவி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையால் பூசி, ஏழு நாளேனும் ஈரம் காக்க வேண்டும். கம்பியே மெலிந்து போயிருப்பின் இவ்வேலையில் இறங்கலாகாது. முட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டை விட்டு வெளியேறி, பொறியாளரை அழைத்தல் வேண்டும். குழந்தைகள் உறங்கும் இடத்தின் மேல் நம் கைத்திறனைச் சோதித்துப் பார்க்க உரிமை எவருக்கும் இல்லை.

அரசுத் திட்டங்களில் கட்டிய பழைய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் தமிழக அரசு தனித்திட்டம் ஒன்றை அறிவித்தது. குடிசைகளுக்கு மாற்றாகக் காங்கிரீட் வீடு கட்ட உதவும் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் அவ்வாண்டில் வந்தது, வீடொன்றுக்கு 3.50 இலட்சம் ரூபாய் எனத் தொகை வகுக்கப்பட்டது. இத்தகைய உதவியைக் கேட்கச் செல்பவரிடம் அலுவலகத்தில் முதலில் கேட்கப்படுவது பட்டா. அதை எடுத்துப் பார்த்தால் காலமான பாட்டனின் பெயர் இருக்கும்; சில வீடுகளில் அதுவும் இராது; மனை ஒப்படைத்த தாள் கரையான் அரித்திருக்கும். நம் சங்கத்தில் எழுதப் படிக்கக் கற்றவர்கள், விடுமுறை நாள்களில் தெருத்தெருவாகச் சென்று, ஒவ்வொரு வீட்டின் பட்டா யார் பெயரில் உள்ளது, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் உள்ளனவா என்று குறிப்பெடுத்து, பெயர் மாற்றத்துக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். மனுவில் மனைவியின் பெயரையும் சேர்த்தெழுதக் கேட்கலாம். சுவருக்கு மண் பூசியவள் அவளல்லவா.