செஞ்சிச் சீமையின் வீட்டுக் கணக்கு

செஞ்சிச் சுற்றுவட்டாரத்தில் வீட்டு வரவு செலவு நெடுங்காலம் நெல்லிலேயே நடந்தது. காசு எப்போதாவது கைக்கு வந்து போகும்; குடும்பத்தின் இருப்பைச் சொன்னது நெல் சேமிக்கும் குதிர். இதே ஏற்பாடு பெரிய அளவில் இருந்ததைச் செஞ்சிக் கோட்டையில் இன்றும் பார்க்கலாம். ராஜகிரிக் குன்றின் அடிவாரத்தில் வளைகூரை போட்ட பெருங்களஞ்சியம் நிற்கிறது. கோட்டையின் மற்றொரு குன்றான கிருஷ்ணகிரியின் மீதும் களஞ்சியங்கள் உண்டு. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை மராத்திய மன்னர் ராஜாராமைப் பிடிக்க இழுபறியாக நடத்திய முற்றுகையின்போது, மதிலுக்கு நிகராக நெல்லிருப்பும் கோட்டையைக் காத்திருக்கும். வீட்டுக் குதிரின் வேலையும் அதுதான்: அடுத்த அறுவடைவரை தாக்குப்பிடிப்பது.

கணக்கு களத்துமேட்டில் தொடங்கியது. தூற்றிய பொலி இரவு களத்தில் தங்க நேர்ந்தால், அதன்மேல் சாம்பலாலோ சாணிப்பாலாலோ குறி போடுவார்கள். யாராவது கைவைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணுவதில்லை. ‘லாபம்’ என்று தொடங்கி ‘ரெண்டு’, ‘மூணு’ என்று போகும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நெல் வீடு வந்து சேருமுன்பே அறுத்தவர் கூலி, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் ஆகியோருக்கான களத்துமேரை, கோயில் பங்கு எல்லாம் அங்கேயே பிரிந்துவிடும். இதைத் தருமம் என்று எண்ணுவது தவறு. ஆண்டு முழுவதும் வாங்கிய உழைப்புக்கு ஒரே நாளில் தீர்த்த கடன் அது. நிலம் வைத்திருந்த வீட்டுக்கு அது முதல் செலவு. மேரை வாங்கியவர் வீட்டுக்கோ அதுவே ஆண்டு வரவு. மழை பொய்த்த ஆண்டில் இந்த இரண்டாவது வீட்டின் அடுப்புதான் முதலில் அணைந்தது.

மிஞ்சிய நெல்லில் விதைக்கு வேண்டியது தனியே போகும். அதில் கைவைப்பது குடும்பம் நொடித்ததற்கு அடையாளம். சாப்பாட்டு நெல்லைக் குதிரின் மேல்வாய் வழியாகக் கொட்டி, அடியிலுள்ள துளை வழியாக எடுத்தார்கள். அதனால் பழைய நெல் முதலில் செலவானது. அன்றாடக் கணக்கு பெண்கள் கையில் இருந்தது. படி, உழக்கு, ஆழாக்கு என்று அளந்து, உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் திரும்பப் பானையில் போடும் வழக்கமும் உண்டு. ஏட்டில் ஏறாத இந்தப் பிடி அரிசியைத்தான் வீட்டுச் சேமிப்பின் வேர் என்று சொல்ல வேண்டும்.

நாணயக் கணக்கை வீட்டுக்குள் தள்ளியது நிலவரி. நிலுவைத் தகராறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் செஞ்சியே சாட்சி. 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாததுல்லா கானோடு செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் மோதி மாண்ட போரின் பின்னணியில் கப்பப் பாக்கி இருந்தது. கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும் 1761இல் ஆங்கிலேயரிடமும் போயிற்று. 1801இல் ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின்கீழ் வந்தது. பிறகு வேரூன்றிய ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு பட்டாதாரரும் நிலவரியான கிஸ்தியைத் தவணைதோறும் பணமாகவே கட்ட வேண்டியிருந்தது. ஊர்க் கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. வீட்டில் கணக்கு வைக்காதவருக்குக் கர்ணம் சொன்னதே பாக்கி.

நாணயமும் மாறிக்கொண்டிருந்தது. 1818க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் ரூபாய் அளவுகோலாயிற்று. பழைய பொன் நாணயமான வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற முறை மட்டும் மக்களுக்குத் தடுமாற்றம் தரவில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்தவருக்குப் பதினாறில் ஒரு பங்கு மாகாணி, எட்டில் ஒரு பங்கு அரைக்கால். அணாவும் இரண்டணாவும் அந்தப் பழைய பின்னங்களில் அப்படியே பொருந்தின. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்து இந்தப் பொருத்தத்தை உடைத்தது. ஆனாலும் கால் ரூபாய் ‘நாலணா’வாகவே பேச்சில் பல ஆண்டுகள் புழங்கியது.

நாணயத்தைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மணிலாக்கொட்டை என்னும் நிலக்கடலை. இந்தப் பக்கத்தார் பேச்சில் மல்லாட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மேட்டு நிலங்களில் அது பரவி, புதுச்சேரித் துறைமுகம் வழியாக எண்ணெய்க்காகப் பிரான்சின் மார்செய் நகருக்குப் போனது. நெல்லைக் குதிரில் போட்டு உண்ணலாம். மல்லாட்டையை விற்றே ஆக வேண்டும். மண்டியில் ஒரே நாளில் கிடைத்த பணத்தில் கிஸ்தி, விதைக்கடன், வட்டி, துணிமணி, கல்யாணம் அத்தனையும் நடக்க வேண்டும். விதைப்புக்கே முன்பணம் வாங்கியவர், விலை பேச வழியில்லாமல் கடன் கொடுத்தவரிடமே சரக்கைப் போட்டார். எழுதப்பட்ட பற்று வரவு அவரவர் வீட்டுக்கே தேவையானது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் நோட்டு பெரும்பாலும் கடைக்காரரிடம் இருந்தது. கடனாளியின் வீட்டில் சுவரில் இழுத்த கரிக்கோடுகள்தான் இருந்தன.

எழுத்தறிவு குறைந்த வீடுகளிலும் தவறாமல் பாதுகாக்கப்பட்ட ஏடு மொய் நோட்டு. யார் எவ்வளவு வைத்தார் என்பது அதில் இருக்கும். அவர் வீட்டு விசேஷத்துக்கு அதைப் பார்த்தே திருப்பிச் செய்வார்கள். வட்டியில்லாக் கடன் பேரேடு என்றே அதைக் கொள்ளலாம். பெண்களின் சிறுவாட்டுப் பணமோ எந்த ஏட்டிலும் ஏறாமல் அஞ்சறைப்பெட்டியிலும் அடுக்குப்பானையிலும் ஒளிந்திருந்து, பிறகு சீட்டாக மாறியது.

1980இல் கர்ணம் பதவி ஒழிந்தது. பெண்களின் சேமிப்பும் பின்னர் ஏட்டில் ஏறியது: 1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம், அடுத்த சில ஆண்டுகளில் தென்னார்க்காட்டுக்கும் வந்தது. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சந்தா, கடன் பேரேடுகள் என்று குழுவுக்குத் தனி ஏடுகள் உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ் புத்தகம். கூட்டத்தில் சேமிப்பும் கடன் தவணையும் எல்லார் முன்னிலையிலும் எண்ணப்பட்டு, படித்துக் காட்டப்பட்டு, கையெழுத்தோ கைநாட்டோ பெற்றுப் பதிவாகின்றன.