பாயைச் சுருட்டிய கணினிகள்

பொலிதேயாமா அரங்கின் முன் மாலையில் கூடும் நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் பல கிகாபைட் நினைவகம் இருக்கிறது. 1984 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட மக்கின்ரொஷ் கணினியில் இருந்ததோ வெறும் 128 கிலோபைட்.

அதற்கு முந்திய கணினித் திரைகள் பெரும்பாலும் எழுத்தை மட்டுமே காட்டின. வரிக்கு 80 எழுத்தாக 25 வரிகளுக்கு 4,000 பைட் போதும். மக்கின்ரொஷ் எல்லாவற்றையும் புள்ளிகளால் வரைந்தது. அகலத்தில் 512, உயரத்தில் 342 புள்ளிகள். நினைவகத்தில் ஆறில் ஒரு பங்கு திரைக்கே போய்விட்டது! நம் இத்தாலியின் ஒலிவெத்தி எம்24 கணினியின் 640-க்கு 400 திரையோ 32,000 பைட் கேட்டது.

ஒற்றை அறை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கான வழி தெரியும். காலையில் பாயைச் சுருட்டினால்தான் சாப்பாட்டுக்கு இடம். மக்கின்ரொஷும் அப்படித்தான் செய்தது. தரவு இருக்கும் முகவரியை நிரலுக்கு நேரே கொடுக்காமல், ஒரு 'கைப்பிடி'யைக் கொடுத்தது. இடம் துண்டு துண்டாகிவிட்டால் கணினி தரவுகளை நகர்த்தி ஒதுக்கும். கைப்பிடி புதிய இடத்தைக் காட்டும். பழைய முகவரியையே நம்பியிருந்த நிரல் குழம்பிப்போகும். எங்கள் பார்வையில் இது மிகக் கெட்டித்தனமான ஏற்பாடு, ஆனால் நிரல் எழுதியவர்களுக்குப் பெரும் தலையிடி.

1985 நவம்பரில் வந்த முதல் விண்டோசும் இதே வழியில் சென்றது. அதற்குக் குறைந்தது 256 கிலோபைட் வேண்டும். உடனே தேவைப்படாத நிரல் பகுதிகளை அது எறிந்துவிடும். மூலப் பிரதி தட்டில் இருப்பதால் வேண்டும்போது திரும்ப வாசிக்கலாம். நாம் தட்டச்சு செய்து இன்னும் சேமிக்காத கடிதத்தை அப்படி எறிய முடியாது. திரும்பத் திரும்ப வாசித்ததால் வேகம் குறைந்தது. ஒரே தட்டு இயக்கி வைத்திருந்த மக்கின்ரொஷ்காரரோ தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டே களைத்தார். 1990-இல் விண்டோஸ் 3.0, 80386 சில்லு உள்ள கணினிகளில் வன்தட்டின் ஒரு பகுதியையே நினைவகம்போலப் பயன்படுத்தியது.

இத்தனை சிரமப்பட்டுக் காத்த அந்தப் புள்ளித் திரையால் நமக்கும் ஒரு பலன் கிடைத்தது. புள்ளியாக வரையும் திரைக்கு எந்த மொழி எழுத்தும் ஒரு படமே. 1990-களில் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கலாநிதி கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். அதை ஏற்றியதும், தமிழே அறியாத விண்டோசிலும் மக்கின்ரொஷிலும் தமிழ் தெரிந்தது.