ராணிக்கெட்டும் நம்மூர் பஞ்சாரமும்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமத்துக் கோழி வீட்டுப் பொம்பளைங்களோட சிறுவாட்டுக் காசுங்க. அதுல கை வைக்கிற நோய் வெள்ளைக்கழிச்சல். கோழி தலையைத் தொங்கப் போட்டுக்கும், வெள்ளையும் பச்சையுமா கழியும், கழுத்து திருகிக்கும். தடுப்பூசி போடலைன்னா பஞ்சாரமே காலி.

ஆஸ்பத்திரியில இதை ராணிக்கெட் நோய்னு சொல்லுவாங்க. ராணிக்கெட் குமாவோன் மலையில இருக்கிற ஒரு ஊரு. 1926ல ஜாவாவுலயும் இங்கிலாந்து நியூகாசில் பக்கமும் இந்த நோயைக் கண்டுபிடிச்சாங்க. டாய்ல் அதுக்கு நியூகாசில் நோய்னு பேர் வச்சார். கொஞ்ச நாள்ல எட்வர்ட்ஸ் அதையே ராணிக்கெட்டுல பதிவு செஞ்சார். பாவம், அந்த அழகான ஊருக்கு இப்படி ஒரு பேரு :-)

1940ல ஐயர், டாப்சன் ரெண்டு பேரும் வைரஸை முட்டைக்கருவுல திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தைக் குறைச்சாங்க. இதே வழியில நம்ம முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்திலயும் ஒரு தடுப்பூசி வந்துச்சு. தமிழ்நாட்டுல அதைத் தயாரிக்கிறது 1932ல ஆரம்பிச்ச ராணிப்பேட்டை நிலையம். ராணிக்கெட்டுக்கு மருந்து ராணிப்பேட்டையில!

மருந்து கிடைச்சாச்சு, அப்புறம் என்ன கஷ்டம்னு கேக்குறீங்களா? முக்தேஸ்வர் மருந்து நல்ல எதிர்ப்பு சக்தி குடுக்கும். ஆனா வீரியம் ஜாஸ்தி, சின்னக் குஞ்சு தாங்காது. அதனால முதல் வாரத்துல மென்மையான மருந்தைக் கண்ணுலயோ மூக்குலயோ சொட்டு விட்டுட்டு, எட்டு வாரத்துக்கு மேலதான் இறக்கையில ஊசி. இன்னொரு சிக்கல், தாய்க்கோழி மஞ்சள் கரு வழியா குடுத்த எதிர்ப்புப் பொருள். அது குஞ்சைக் காப்பாத்துறது சரி, சொட்டு மருந்தையும் சேர்த்தே அடக்கிடும். ரெண்டு மூணு வாரத்துல அதுவும் கரைஞ்சு போச்சுன்னா குஞ்சு நிராயுதபாணி. பண்ணையில எல்லாம் ஒரே வயசு, கணக்குப் பண்ணிப் போடலாம். பஞ்சாரத்துல தாய், குஞ்சு, விடலை எல்லாம் ஒண்ணா கிடக்குமே!

மருந்துக் குப்பி நூத்துக்கணக்கான கோழிக்கு. கரைச்சா பனிக்கட்டியில வச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். வீட்டுல இருக்கிறதோ ஆறு கோழி. அதனாலதான் பிப்ரவரி முகாமெல்லாம் ஊரையே சேர்த்துப் போடுறது. காலையில திறந்து விட்டாச்சுன்னா அப்புறம் எங்க பிடிக்கிறது?

1980கள்ல ஆஸ்திரேலியாவும் மலேசியாவும் சேர்ந்து, சூட்டைத் தாங்குற வி4 வைரஸைத் தீவனத்துல கலந்து பார்த்தாங்க. 1987ல அதைப் பத்தி புத்தகமே வந்துச்சு. பச்சைத் தானியம் சிலது வைரஸையே கொன்னுடும்ங்கிறது அப்போ தெரிஞ்ச விஷயம். இந்த வழியில நம்ம கால்நடைப் பல்கலைக்கழகமும் குருணை மாதிரி மருந்து செஞ்சிருக்கு. ரத்தத்துல எதிர்ப்பு அளவு ஊசி அளவுக்கு ஏறாட்டியும், தொண்டையிலயும் குடல்லயும் உருவாகிற எதிர்ப்பு கைகொடுக்குது. பிடிக்க வேணாம், குத்த வேணாம், தூவினா போதும்.

உங்க ஊர்ல இந்தச் சீக்குக்கு வேற பேர் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.