'மிதிங்க்ஸ்' : ஓர் ஆங்கிலப் பழவினையின் வரலாறு

ஒரு சொல்லின் இன்றைய உருவை மட்டும் கண்டு அதன் பொருளைத் துணிதல் பிழைக்கு இடமாகும். இதற்கு நல்லதொரு சான்று, ஆங்கிலத்தில் வழக்கிழந்த 'மிதிங்க்ஸ்' என்னும் வினை. ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பயிலும் மாணவர் இதற்கு 'நான் நினைக்கிறேன்' என்று பொருள் கொள்வது எளிது. அவ்வாறு கொள்ளின், 'ஐ' என்னும் எழுவாய் நிற்கவேண்டிய இடத்தில் 'மி' நிற்பதும், தன்மைக்கு உரியதல்லாத 'ஸ்' ஈறு வருவதும் வழுவாகத் தோன்றும். உண்மையில் இங்கு வழு யாதும் இல்லை.

பழைய ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கிய இரு வினைகள் இருந்தன. 'தென்ச்சன்' என்பது நினைத்தலையும், 'த்யுன்ச்சன்' என்பது தோன்றுதலையும் குறித்தன. பின்னது, உணர்வோரை நான்காம் வேற்றுமையில் கொண்டு முடியும். பியோவுல்ஃப் காப்பியத்திலும் இவ்வமைப்பைக் காணலாம். ஆகவே 'மி' என்பது 'எனக்கு'. 'திங்க்ஸ்' என்பது 'தோன்றுகிறது'. ஈற்று 'ஸ்' படர்க்கை ஒருமை விகுதி. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் இரண்டாம் சாமுவேல் நூலில் இச்சொல் 'மிதிங்க்கெத்' எனப் பழைய விகுதியோடு வருதல் இதனை வலியுறுத்தும்.

இடைக்கால ஆங்கிலத்தில் இவ்விரு வினைகளின் உயிரொலிகளும் திரிந்து, இரண்டும் 'திங்க்' என ஒன்றாயின. வேற்றுமை உருபுகளும் தேய்ந்தன. 'நினை' என்னும் பொருளே நிலைபெற, 'தோன்று' என்னும் பொருள் 'மிதிங்க்ஸ்', அதன் இறந்தகால வடிவமாகிய 'மிதாட்' ஆகியவற்றில் மட்டும் எஞ்சியது. இனமொழியாகிய செருமனோ 'டெங்க்கன்', 'ட்யுங்க்கன்' என இரண்டனையும் வேறாகவே காத்துள்ளது. பின்னது அங்கும் அருகிய வழக்கே.

'எனக்குத் தோன்றுகிறது' என்னும் தமிழ்த் தொடர் இவ்வமைப்போடு முற்றும் ஒத்திருத்தல் நோக்கத்தக்கது. இவ்வொப்புமை கொண்டு இருமொழிக்கும் உறவு கற்பித்தல் பொருந்தாது. மாந்தர் உள்ளத்தை மொழிகள் தனித்தனியே ஒருநெறியில் உணர்த்துதலும் உண்டு. ஆயினும் மொழிபெயர்ப்பாளர்க்கு இதனாற் பயனுண்டு. நினைத்தல் ஒருவன் தானே முயன்று செய்வது. தோன்றுதல் அவனுக்கு நேர்வது. ஆங்கிலம் இழந்த இவ்வேறுபாட்டைத் தமிழ் இன்றும் காத்துள்ளது. எனவே, நாடக மாந்தர் தம் ஐயத்தையும் தயக்கத்தையும் இச்சொல்லால் புலப்படுத்தும் இடங்களில் 'நான் நினைக்கிறேன்' என்று பெயர்த்தல், கிடைத்த பொருளைக் கைவிடுதலே ஆகும்.