ஜிகினா லட்சுமி

கேரி தீவில், பாட்டியின் சாமி மேடையில் ஒரு லட்சுமி படம். சேலையில் ஜரிகை, கிரீடத்தில் ஜிகினா, கழுத்தில் பாசிமணி. எல்லாம் காகிதத்தின் மேல் கையால் தைத்தது.

ரவிவர்மா 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கியபோது விக்டோரியா உயிரோடுதான் இருந்தார். நிறத்துக்கு ஒரு கல். ஒன்றின் மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். பிறகு அச்சகம் லோனாவாலா பக்கம் போய், ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியர் கைக்கு மாறியது. படம் வாங்கிய வீடுகளில் சாமிக்குத் துணியும் மணியும் தைத்து உடுத்தினார்கள். இங்கிலாந்திலும் நாடக நடிகர் படங்களுக்கு ஜிகினா ஒட்டினார்கள். அது பொழுதுபோக்கு. இது அலங்காரம்.

சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது ஓரத்தில் உள்ள அச்சகப் பெயரை. பாட்டி படத்தில் ஓரமே இல்லை, ஃபிரேமுக்காக யாரோ வெட்டிவிட்டார்கள். ரவிவர்மாவா, நகலா, சொல்ல வழியில்லை.

"ஜிகினாவ எடுத்துட்டா சுத்தமா இருக்கும்," என்றார் ஃபிரேம் கடைக்காரர். எடுத்தால் ஊசித் துளைகள்தான் மிஞ்சும்.

தைத்தது யார் என்று பாட்டியிடம் கேட்டேன்.

"எங்கம்மாதான். பால்மரம் வெட்டிட்டு வந்து, ராத்திரி மண்ணெண்ணெ வெளக்குல."

கண்ணாடி மட்டும் புதுசு. மணி நசுங்காமலிருக்க நடுவில் மெல்லிய கட்டை வைக்கச் சொன்னேன்.