தேசாதிபதி சேர் ஹென்றி வார்டும் கீழ்க்கரையின் வயல்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ஒவ்வொரு மாநிலத்தின் ஆளுநரும் அம்மாநில மக்களின் வாக்கினால் தெரிவு செய்யப்படுபவர். அவர் செய்வன தவிர்வனவற்றுக்கு மக்கள் முன் விடையளிக்க வேண்டியவர். பிரித்தானியர் காலத்து இலங்கைத் தேசாதிபதியோ முடியினால் நியமிக்கப்பட்டவர்; இலண்டனுக்கு மட்டுமே விடையளித்தவர். பதவிப் பெயர் ஒத்திருப்பினும் பொருள் வேறு. இவ்வேற்றுமையின் பயனையும் கேட்டையும் ஒருங்கே காட்டும் வாழ்க்கை ஒன்றுண்டு. 1855 முதல் 1860 வரை இலங்கையை ஆண்ட சேர் ஹென்றி ஜோர்ஜ் வார்டின் வாழ்க்கையே அது. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வேளாண்மை வரலாற்றை ஆராய்வோர் இப்பெயரை விலக்கிச் செல்லுதல் இயலாது.

வார்ட் 1797ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் தந்தையார் றொபேட் பிளமர் வார்ட் அரசியல்வாதி, நாவலாசிரியருமாவார். ஹரோ பள்ளியிற் கல்வி கற்ற மைந்தர் 1816இல் அயல்நாட்டுத் தூதுச் சேவையிற் சேர்ந்தார். ஸ்பானியாவின் பிடியினின்றும் அப்பொழுதுதான் விடுபட்டிருந்த மெக்சிக்கோவிலே பிரித்தானியப் பிரதிநிதியாகப் பணியாற்றி, அந்நாட்டைப் பற்றி 1828இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். 1832இல் பாராளுமன்றம் புகுந்தார்; முதலிலே சென்ற் அல்பன்ஸ் தொகுதிக்கும், 1837 முதல் ஷெபீல்ட் தொகுதிக்கும் உறுப்பினராயிருந்தார். அயர்லாந்துத் திருச்சபையின் மிகுதி வருமானத்தைப் பொதுப்பணிக்குத் திருப்ப வேண்டுமென 1834இல் அவர் கொணர்ந்த தீர்மானம் அமைச்சரவையையே பிளவுபடுத்திற்று. வாக்காளர் அச்சமின்றி வாக்களிக்க இரகசிய வாக்குமுறை வேண்டுமென்றும் அவர் வாதாடினார். இங்கிலாந்து அம்முறையைச் சட்டமாக்கியது 1872இலேயாகும். காலத்தை முந்திச் சிந்தித்த சீர்திருத்தவாதி என்று அவரைக் கூறுதல் மிகையாகாது.

எனினும் அதே மனிதர் 1849இல் அயோனியத் தீவுகளின் ஆணையாளராகச் சென்றபோது நிகழ்ந்தது வேறு. செபலோனியாத் தீவிலே குடியானவர் கிளர்ந்தெழ, அவர் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். பலர் கசையடி பட்டனர், பலர் தூக்கிலிடப்பட்டனர். தம் நாட்டிலே குடிமகனின் வாக்குரிமைக்காகப் பேசிய நா, பிறர் நாட்டிலே தண்டனை ஆணைகளைப் பிறப்பித்தது. குணக்கேடு என்று மட்டும் இதனைக் கூறி அமைதல் போதாது. கேள்வி கேட்பாரற்ற அதிகாரம் நல்லெண்ணமுடையாரையும் எவ்வாறு மாற்றும் என்பதற்கு இது சான்றாகும்.

1855இல் வார்ட் இலங்கைக்கு வந்தார். கோப்பித் தோட்டங்கள் செழித்த காலமது. அரசாங்கத்தின் கருத்தும் பணமும் மலைநாட்டுத் தெருக்களையே நாடின. நெல் விளையும் தாழ்நிலங்களோ கவனிப்பாரற்றுக் கிடந்தன; தென்னிந்தியாவிலிருந்து அரிசி பெருந்தொகையாக இறக்குமதியாயிற்று. இந்நிலைக்குரிய காரணம் ஒன்று ஈண்டு நோக்கற்பாலது. 1832இல் இராசகாரியம் எனும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. மனிதனைக் கட்டாய உழைப்பினின்றும் விடுவித்த அச்செயல் நன்றே. ஆயினும் குளக்கட்டைச் செப்பனிடவும், வாய்க்கால் வெட்டவும், வேலி அடைக்கவும் ஊராரை ஒன்றுகூட்டிய பழைய ஒழுங்கு அதனோடு தளர்ந்தது. அதற்கு மாற்றாக வேறோர் ஒழுங்கு அமைக்கப்படவில்லை.

வயல் தனியொருவன் முயற்சியால் விளைவதன்று. ஒருவன் காலந்தாழ்த்தி விதைத்தால் முழு வட்டைக்கும் நீரைப் பிந்தித் திறக்க வேண்டும். ஒருவன் தன் பங்கு வேலியை அடையாதொழிந்தால் மாடு எல்லார் பயிரையும் மேயும். இவ்வழக்குகளை நீதிமன்றுக்குக் கொண்டு சென்றால், தீர்ப்பு வருமுன் போகமே முடிந்துவிடும். இதனையுணர்ந்த வார்ட் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். ஒரு பகுதிக் காணிக்காரரிற் பெரும்பாலோர் கூடி இசைந்தால், அவர்தம் பண்டை நீர்ப்பாசன வழக்கங்கள் சட்டவலிமை பெறும். பிணக்குகளை வழக்கறிஞரின்றி வேளாளர் சபையே விசாரிக்கும். மட்டக்களப்புப் பிரதேசத்திலே வட்டைவிதானை, போடியார் என்னும் பெயர்களோடு வாழ்ந்த வயல் ஒழுங்குகளை அறிந்தோர், இச்சட்டம் புதிதாக ஒன்றைப் படைக்காது இருந்ததையே தாங்கிற்று என்பதை உணர்வர்.

சட்டத்தோடு அவர் அமைந்தாரல்லர். கீழ்மாகாணத்தைச் சுற்றிப் பார்த்து, அதன் நீர்வளத்தைக் குறிப்பாக எழுதினார். அவர் காலத்திலே இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்கள் திருத்தப்பட்டன. அவற்றின் நீர் கடலோரத்து முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்துச் செய்த வயல்களுக்குப் பயன்பட்டது. மேட்டிலே குளம், தாழ்விலே வயல், கடலோர மணலிலே குடியிருப்பு என்னும் இப்பகுதியின் அமைப்பினை நோக்குமிடத்து, அக்குளங்களின் இன்றியமையாமை எளிதிற் புலனாகும்.

ஆயினும் முழுக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். விளைச்சல் பெருகினால் நெல்வரியும் பெருகும் என்பதை அரசாங்கம் மறந்ததில்லை. உழவனை வருத்திய அவ்வரி 1892இலேயே நீங்கிற்று. அன்றியும், எந்தக் குளத்தைத் திருத்துவது, எதனை விடுவது என்று முடிவு செய்த சட்டநிரூபண சபையிலே இக்கரையாரின் குரல் இல்லை. நியமன உறுப்பினராக முஸ்லிம் ஒருவர் அச்சபையில் இடம்பெற்றதே 1889இலாகும். வாக்குரிமைக்காக வாதாடிய தேசாதிபதியின் ஆட்சியிலே, அவர் குளங்கட்டிக் கொடுத்த மக்களுக்கு வாக்கில்லை.

இக்குறையின் விளைவு விரைவிலே வெளிப்பட்டது. 1858இல் கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதைக்கு முதல் மண் வெட்டிய வார்ட், 1860இல் சென்னை மாகாணத் தேசாதிபதியாக மாற்றம் பெற்றார். அங்கு சென்று சில வாரங்களுக்குள், அவ்வாண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், வாந்திபேதி கண்டு மறைந்தார். அவருக்குப் பின் வந்த சேர் சாள்ஸ் மக்காதி சிக்கனமே பெரிதெனக் கொண்டவர். நீர்ப்பாசன முயற்சி தளர்ந்தது. பின்வந்த தேசாதிபதிகளின் காலத்திலேயே அது நாட்டிலே புத்துயிர் பெற்றது. ஒருவரின் விருப்பால் வந்தது மற்றொருவரின் விருப்பின்மையால் நின்றது; மக்கள் பார்த்திருந்தனர்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பகுதியின் நீர்வரலாற்றை முற்றிலும் மாற்றியமைத்தது. அப்பெருந்திட்டம் வந்த காலத்திலே நாடு சுதந்திரமடைந்திருந்தது. கல்முனை பாராளுமன்றத் தொகுதியாயிருந்தது. நீரையும் நிலத்தையும் பங்கிட்ட முறை பற்றி எழுந்த வாதங்களை இம்மக்கள் தம் பிரதிநிதி வாயிலாக எழுப்ப முடிந்தது. வென்றனரா தோற்றனரா என்பது வேறு. கேட்கும் உரிமை இருந்தது.

கொழும்பிலே வார்ட் பிளேஸ் என்னும் வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கீழ்க்கரையிலே அவர் நினைவு வீதியில் இல்லை, வயலிலே உள்ளது. அதனை நன்றியோடு ஏற்பதும் நம் கடன். அது வழங்கப்பட்ட முறையை ஆராய்வதும் நம் கடன். நல்ல ஆட்சியாளரால் குளம் திருந்தலாம். அத்திருத்தம் நிலைப்பதற்கு, அந்நீரை உண்ணும் மக்கள் கேள்வி கேட்கவல்லவராயிருத்தல் வேண்டும். சேர் ஹென்றி வார்டின் வாழ்க்கை மாணவர்க்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.